களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் ஃபெலோக்களை அனுப்புங்கள்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கேரளச் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் இரண்டின் துணைவேந்தர்களுக்கும், இரு மாநில மருத்துவக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். பாதிக் கடிதம் படித்த பிறகு இது தெரிந்து நீங்கள் மடித்து வைத்துவிடக் கூடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் நியூரோ ஐசியுவில், அதாவது மூளை, நரம்பு நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், 19 வருடம் இருந்தேன். அம்மாவுக்கு நடமாட்டம் குறைந்ததும் ஊருக்குத் திரும்பி, இப்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அந்த 19 வருடத்தில் ஃபெலோஷிப், அதாவது எம்.டி. முடித்த பிறகான தனிப் பயிற்சி, படிக்க வந்த டாக்டர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. முதல் நாள் காபி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டவர்கள், ஒரு வருடம் கழித்து எனக்கே தெரியாத விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஃபெலோக்களில் ஒருவர்கூடத் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கடிதம் அதைப் பற்றித்தான்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அருமனைப் பக்கத்து ரப்பர் வெட்டுக்காரர் ஒருவர், 34 வயது. மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் போனவர் வளைவில் சறுக்கி மின்கம்பத்தில் மோதிவிட்டார். ஹெல்மெட் இல்லை. நெற்றி லைட் கட்டினால் ஹெல்மெட் தலையில் உட்காராது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் காரணம். எங்களிடம் கொண்டுவந்தபோது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நகத்தை அழுத்தினால் கையை இழுத்துக்கொண்டார், முனகினார், அவ்வளவுதான். டியூட்டி டாக்டர் மூச்சுக்குழாயில் டியூப் போட்டார். சி.டி. ஸ்கேன் எங்களிடம் கிடையாது. மார்த்தாண்டத்தில் நின்றால் ஒரு பக்கம் நாகர்கோவில், மறுபக்கம் திருவனந்தபுரம். வீட்டுக்காரர்கள் திருவனந்தபுரம் என்றார்கள். ஆம்புலன்சில் நானும் ஏறிக்கொண்டேன்.

உள்ளே நான் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். அட்டெண்டர் தம்பி, கையால் காற்று அடிக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டிருந்தான். பயத்தில் நிமிடத்துக்கு 30க்கு மேல் போனது. டியூப் நழுவாமல் இருக்க நாடாவைக் கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தார்கள். ஆள் சமதளமாகக் கிடந்தார். கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் மேல் எண் 88. ஆனாலும் மூளை வீக்கம் குறைய என்று மானிட்டாலும் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இதில் ஒன்றையும் யாரும் அலட்சியத்தால் செய்யவில்லை. எங்கள் மருத்துவமனையிலிருந்துதான் அந்த ஆம்புலன்ஸ் கிளம்பியது, குறையும் எங்களுடையதுதான். எல்லோரும் நல்லது என்று நினைத்தே செய்தார்கள். வேகமாகக் காற்று அடித்தால் ஆளுக்கு நல்லது என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அடிபட்டு ரத்தத்துக்கு ஏங்கிக் கிடக்கும் மூளைக்கு இருப்பதும் கிடைக்காமல் போகும். கழுத்தில் இறுகிய நாடா, தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்கி வரும் வழியை அடைக்கும். குளுக்கோஸ் தண்ணீர் கடைசியில் வெறும் தண்ணீராகத்தான் உடம்பில் மிஞ்சும், வீங்கிய மூளை அதை உறிஞ்சி இன்னும் வீங்கும். மானிட்டால் சிறுநீரைக் கொட்ட வைக்கும், ஏற்கெனவே 88இல் நிற்கும் அழுத்தம் இன்னும் சரியும்.

தம்பியிடம் "ஐந்து எண்ணி ஒருதடவை அழுத்து மக்களே" என்றேன். நாடாவைத் தளர்த்திப் பிளாஸ்டரில் ஒட்டினேன். கழுத்தெலும்பில் சந்தேகம் இருந்ததால் முதுகை மடக்காமல், பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் போர்வை இரண்டை மடித்துச் செருகினேன். டாக்டரை போனில் பிடித்து, அவர் சரி என்றதும் மானிட்டாலை நிறுத்தி, குளுக்கோஸை மாற்றி நார்மல் சலைன் ஓடவிட்டேன். எல்லைக்கு அப்பால் பாறசாலை தாண்டும்போது அழுத்தம் 112க்கு வந்தது. நான் செய்ததற்கெல்லாம் சேர்த்துச் செலவு ஒரு சலைன் பாட்டில்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஃபெலோக்களுக்குப் பெரிய டாக்டர்கள் பாடம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று காதைக் கொடுத்ததால்தான். பாடம் அவர்களுக்கு, பலன் எனக்கு. இப்போது என் கேள்வி இதுதான். அந்தப் பாடம் ஏன் எல்லைக்கு அந்தப் பக்கமே நிற்கிறது?

தலைக்குள் நடப்பதை வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல நான் சிரட்டையைத்தான் காட்டுவேன். ரப்பர் பால் பிடிக்கச் சிரட்டை கட்டிப் பழகிய ஊர், உடனே புரியும். சிரட்டை விரியாது. மண்டையோடும் அப்படித்தான். உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் நீர் மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று இடம்விட வேண்டும், இடம்விட முடியாத கட்டம் வந்தால் அழுத்தம் ஏறும். இதை ஸ்காட்லாந்துக்காரர்களான மன்றோவும் கெல்லியும் 200 வருடத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். சாதாரணமாக அந்த அழுத்தம் பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்குள் நிற்கும். தலைக்காயத்தில் 22ஐத் தாண்டினால் குறைக்க இறங்க வேண்டும் என்பது 2016இல் வந்த வழிகாட்டுதல். மூளைக்கு ரத்தம் ஏற வேண்டுமானால் உடம்பின் ரத்த அழுத்தம் இந்த அழுத்தத்தை ஜெயிக்க வேண்டும். அதனால்தான் 88 என்ற எண்ணைப் பார்த்து நான் அலறினேன். கடுமையான தலைக்காயத்தில் மேல் எண் ஒரே ஒருதடவை 90க்குக் கீழே போனாலும் இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவதை 1993லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது.

மோதிய அந்த நொடியில் செத்த மூளை செத்ததுதான். அதன் பிறகு, ஸ்கேன் எடுக்கும் முன், ஆம்புலன்சில், ரெஃபர் சீட்டு எழுதும் நேரத்தில் சாகும் மூளையைத்தான் காப்பாற்ற முடியும். நியூரோ ஐசியு என்ற இடமே அதற்காகத்தான். ஆனால் எங்கள் ஊர் நோயாளிக்கு அந்த நேரம் முழுக்க விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலேயே கழிந்துவிடுகிறது. அவர் ஐசியுவை எட்டும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். 2022இல் 64,105 சாலை விபத்துகளோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. அந்த வருடம் மாநிலத்தில் 17,884 பேர் சாலையில் செத்தார்கள். "நம்மைக் காக்கும் 48" திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். முதல் 48 மணி நேரத்தின் பணக் கவலையை அது எடுத்துக்கொண்டது, நல்ல திட்டம். அந்த 48இன் முதல் இரண்டு மணி நேரத்தில் கட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது பணத்தால் மட்டும் தீர்கிற விஷயமாகத் தெரியவில்லை.

ஃபெலோஷிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். வருகிறவர்கள் மயக்கவியல், பொது மருத்துவம், அவசர மருத்துவம் என்று ஏதோ ஒன்றில் எம்.டி. முடித்தவர்கள். சிலர் நரம்பியல் முடித்துவிட்டு வருவார்கள். நம் நாட்டில் இந்த ஃபெலோஷிப் பெரும்பாலும் ஒரு வருடம். மயக்கவியல்காரர்களுக்கு மூன்று வருட டி.எம். என்ற மேற்படிப்பு தனியாக உண்டு. முதல் மாதம் ஃபெலோ உள்ளே வந்ததும் மானிட்டரைப் பார்ப்பார். பத்தாவது மாதம் வந்ததும் இமையைத் தூக்கிக் கண்மணியைப் பார்ப்பார். மானிட்டரில் எல்லா எண்ணும் அழகாக இருக்கும்போதே ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தொடங்கும். அது தெரிந்தால் நிமிடக் கணக்கில் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தை எந்தப் புத்தகமும் காலுக்குக் கற்றுத்தராது.

மூளையிலிருந்து நீரை வடிக்கும் குழாய் ஒன்று உண்டு. அதன் அளவுக்கோலைக் காதுத் துளை மட்டத்துக்கு வைப்போம். ஒருநாள் ஒரு பாட்டியின் மகன், அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டலாம் என்று கட்டிலைத் தானே உயர்த்திவிட்டார். குழாயின் மட்டம் கீழே நின்றுபோனது, நீர் கொட்டத் தொடங்கியது. கொஞ்சம் விட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும். புதிதாக வந்த ஃபெலோ அன்றைக்கு மகனைத் திட்டினார். வருடக் கடைசியில் அதே ஃபெலோ "கட்டிலை அசைக்கும் முன் சிஸ்டரைக் கூப்பிடவும்" என்று மலையாளத்திலும் தமிழிலும் தன் கையால் எழுதி ஒவ்வொரு கட்டிலிலும் ஒட்டினார். தமிழில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை, அழகாக இருந்தது.

இன்னும் எவ்வளவோ. கையும் காலும் அசையாமல் அமைதியாகக் கிடப்பவரின் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. வைத்தால்தான் தெரியும். தலையில் ரத்தக்குழாய் முடிச்சு வெடித்து வந்தவர் நாலாம் நாள் எழுந்து பேசினாலும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 14ஆம் நாள் வரை ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்க நிமோடிபின் மாத்திரை 60 மில்லிகிராம், நாலு மணிக்கொருதரம், 21 நாள். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுக்க வேண்டும், நோயாளி திட்டுவார். கை, கால், மூச்சுத் தசைகளை வலுவிழக்க வைக்கும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்தவரிடம் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். நேற்று 25 வரை போனவர் இன்று 12இல் நின்றால், ஆக்ஸிஜன் அளவு 98 காட்டினாலும் வென்டிலேட்டரைத் தயாராக வைக்க வேண்டும். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் எண்ணச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

தீவிர சிகிச்சை என்கிற துறையே நரம்பை ஒட்டித்தான் பிறந்தது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் குவிந்தபோது, இப்ஸன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் கையால் காற்று அடிக்க வைத்தார். சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து பையை அழுத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் அட்டெண்டர் தம்பியும் அந்த வம்சம்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இப்ஸன் இருந்தார், இவனுக்கு இல்லை. மூளைக்கென்று தனியாகத் தேறிய தீவிர சிகிச்சை டாக்டர் என்பது உலகத்திலேயே புதிய சங்கதி. அமெரிக்காவில்கூட இதற்கான முதல் தகுதித் தேர்வு 2007இல்தான் நடந்தது. ஆகவே நம் ஊரில் ஏன் இல்லை என்று புலம்ப நான் வரவில்லை. இப்போதுதான் வளர்கிறது, வளரும்போதே வளைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன்.

நான் கேட்பது பெரிதில்லை. திருவனந்தபுரத்தில் நடக்கும் ஒரு வருட ஃபெலோஷிப்பில் இரண்டு மாதத்தை எல்லைக்கு இந்தப் பக்கம் கழிக்க வையுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதை இருப்பிடமாக வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் தக்கலை, குலசேகரம், குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்து மருத்துவமனைகளில் அவர் சுற்றி வரட்டும். இங்கிருந்து ஒரு மயக்க மருத்துவரும் இரண்டு நர்சுகளும் அதே இரண்டு மாதம் அங்கே போய் நிற்கட்டும். ஃபெலோவின் பதிவேட்டில் இந்தப் பக்கம் பார்த்த நோயாளிகளையும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கணக்கில் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் யாரும் மனதோடு வரமாட்டார்கள். பதிவேட்டில் ஏறாத வேலையை ஃபெலோக்கள் எப்படிச் செய்வார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இது புதுமையும் இல்லை. எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் இருந்தே ஆக வேண்டும் என்று 2020 செப்டம்பரில் விதி வந்து, 2021 சேர்க்கையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. மேல்படிப்பு மாணவர்களுக்கு அவசியம் என்று பட்டது, அதைவிட மேலே படிப்பவர்களுக்கு வேண்டாமா?

மாநிலம் வேறு, டாக்டர்களின் பதிவு வேறு, எப்படி முடியும் என்பீர்கள். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவனந்தபுரத்தோடுதான் இருந்தன. கேரள டாக்டர்கள் அண்மைக்காலம் வரை பெயர் பதிந்த அவைக்கே திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவ அவை என்றுதான் பெயர். அந்தத் திருவிதாங்கூரில் நாங்களும் சேர்த்தி. அங்கே மூளைக்கும் இதயத்துக்கும் பேர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், எங்கள் பாட்டன்மாரை ஆண்ட கடைசி மகாராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1980இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தேசிய முக்கியத்துவம் கொடுத்த இடம். தேசிய முக்கியத்துவம் என்றால் பாறசாலையோடு நின்றுவிடாது அல்லவா? அவ்வளவு ஏன், இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை 1949இல் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி மலையாளி. தொடங்கிய இடம் ஆந்திர எல்லையை ஒட்டிய வேலூர். எல்லையைப் பார்த்திருந்தால் அவர் கோட்டயத்திலேயே இருந்திருப்பார்.

இன்னொரு கேள்வியும் வரும், அது நியாயமான கேள்வி. கருவியும் குருவும் இல்லாத இடத்தில் ஃபெலோ எதைக் கற்பார்? கட்டுவிரியனைக் கற்பார். நகரத்து ஐசியுவில் வருடத்துக்கு எத்தனை கட்டுவிரியன் கடி வந்துவிடும்? இங்கே ஓட்டு வீட்டில் தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை அது ராத்திரி கடிக்கும். வலியும் பெரிதாக இருக்காது, தடமும் தெரியாது. காலையில் வயிற்றுவலி என்பார்கள், அப்புறம் இமை தொங்கும், நாக்கு குழறும், பிறகு மூச்சு நிற்கும். விஷம் முற்றினால் ஒரு விரலும் அசையாது, கண்மணிகூட விரிந்து நின்றுவிடும். பார்த்தால் மூளைச்சாவுபோலவே இருக்கும். உள்ளே ஆள் முழு நினைவோடு இருப்பார், பேசுவதெல்லாம் கேட்கும். இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு பெண்ணின் கட்டிலுக்கு மேலே நின்று "இனி ஒன்றும் இல்லை, சொந்தக்காரங்களைக் கூப்பிடுங்க" என்று பேசினார்கள். வென்டிலேட்டரை எடுக்காதது அவரது அதிர்ஷ்டம். சில நாளில் எழுந்து உட்கார்ந்தவர், யார் யார் என்ன பேசினார்கள் என்று வரிசையாக ஒப்பித்தார். அவருடைய நாத்தனாருக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்கள், கடலில் வள்ளம் கவிழ்ந்து மூச்சு நின்று மீட்கப்பட்டவர்கள் என்று பாடத்துக்குக் குறைவே இல்லை. 2024இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தபோது எங்கள் ஊர் அம்மாமார் பிள்ளைகளைக் குளத்துக்கே விடவில்லை. அந்த அமீபாவுக்கு மாநில எல்லை தெரியாது. காய்ச்சலும் தலைவலியுமாக ஒரு பையன் வந்தால் குளத்தில் குளித்தாயா என்று கேட்டு, முதுகுத் தண்டு நீரை உடனே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்ல ஒருவர் வேண்டும். குரு இல்லாத குறைக்கு போன் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் வீடியோவில் திருவனந்தபுரத்துப் பெரிய டாக்டரோடு ரவுண்ட்ஸ் போகலாம். கருவி இல்லாமல் கை எப்படி வேலை செய்யும் என்பதையும் அந்தப் பெரிய டாக்டர் ஒருவேளை கற்றுக்கொள்வார்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நரம்பு நோய்க்காரரைப் பரிசோதிப்பதே பேச்சை வைத்துத்தான். டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் கிளாஸ்கோவில் கொண்டுவந்த நினைவு அளவுகோலில் பேச்சுக்கு 5 மதிப்பெண். தெளிவாகப் பதில் சொன்னால் 5, குழம்பிச் சொன்னால் 4. வட இந்தியாவிலிருந்து வந்த ஃபெலோ ஒருவர், நல்ல பிள்ளை, தோவாளைக்காரத் தாத்தா ஒருவரிடம் என்ன மாதம் என்று என்னை வைத்துக் கேட்டார். "ஐப்பசி" என்றார் தாத்தா. அக்டோபர் என்ற பதிலுக்குக் காத்திருந்தவர் 4 என்று எழுதிவிட்டார். நான் போய் "டாக்டர், அவர் சரியாகச் சொன்னார், நாம்தான் தப்பு" என்றேன். அவருக்குச் சிரிப்பு. ஆனால் ராத்திரி ஷிஃப்டுக்கு வருபவர் அந்த 4ஐ நம்பினால், காலையில் உண்மையாகவே 4க்கு இறங்கினாலும் மாற்றம் எதுவும் இல்லை என்றுதானே நினைப்பார்? இறங்கியதே தெரியாமல் போயிருக்கும். எங்கள் ஊர்க் கிழவிகளின் தமிழ் சென்னைக்காரர்களுக்கே புரியாது, பாதி மலையாளம் கலந்த பேச்சு. பக்கவாதத்தில் பேச்சு குழறுகிறதா, இல்லை இவர் பேச்சே இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள இங்கே வந்து இரண்டு மாதம் காது பழக வேண்டும்.

அடுத்தது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது. ஃபெலோஷிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாகக் கற்பது இதைத்தான். இந்தப் பக்கம் தலைக்குள் ரத்தக்கசிவோடு வருபவருக்கு ஸ்கேன் படத்தைப் பார்த்த மூன்றாவது மணி நேரத்திலேயே "பிழைத்தாலும் பிரயோஜனம் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்கவா, வீட்டுக்குக் கூட்டிப் போகவா என்று யோசித்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். செத்துப்போகிறார். பார்த்தாயா, சொன்னேனே என்று நாம் நம்மையே மெச்சிக்கொள்கிறோம். ரத்தக்கசிவில் இரண்டாம் நாள் முழுசாக முடியும் வரை சிகிச்சையைக் குறைக்கும் முடிவுக்குப் போக வேண்டாம் என்றும், இதயம் நின்று மீண்டவர்களுக்குக் குறைந்தது 72 மணி நேரம் பொறுத்தே எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றும் வழிகாட்டுதல்கள் உண்டு. எல்லோரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பொறுமையாக இருந்து பார்த்துவிட்டு, பிழைக்கமாட்டார் என்பதை நேராகக் கண்ணைப் பார்த்துச் சொல்லும் ஃபெலோக்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி நேராகச் சொல்லக் கேட்ட வீட்டார்தான் பின்னால் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்ததும் உண்டு. மூளைச்சாவை நாலு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கட்டுவிரியன் கடியையும் மூளைச்சாவையும் பிரித்தறியத் தெரிந்தவர் அந்த நாலு பேரில் இருந்தால் எங்களுக்கும் நிம்மதி.

ஸ்டைபெண்டை யார் கொடுப்பது, ஹாஸ்டல் எங்கே, ஏதாவது தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் நீங்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியவை. காப்பீட்டு அட்டை எல்லையில் படும் பாடு தனிக் கடிதத்துக்கு உரியது, இங்கே இழுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வருபவர் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற திட்டமாக இதை ஆக்கிவிடாதீர்கள். அவர் ராத்திரி ஷிஃப்டில் இருக்க வேண்டும். எங்களுக்கு எல்லாம் வருவது ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான்.

அந்த ரப்பர் வெட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து மனைவியோடு மருத்துவமனைக்கு நடந்து வந்தார். வலது கையில் பிடிமானம் இல்லை, கத்தி பிடிக்க முடியாது. இப்போது ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறார், இடது கையால். ஆம்புலன்சில் இன்னும் 20 நிமிடம் அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. அன்றைக்கு எனக்கு வாராந்திர விடுமுறை, வேறொருத்திக்குப் பதிலாக வந்திருந்தேன் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு நானும் அந்த அட்டெண்டர் தம்பியும் சேர்ந்து ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரித்து ஆம்புலன்சில் ஒட்டியிருக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ஐந்து எண்ணி ஒருமுறை அழுத்து. கழுத்தில் கட்டாதே. தலைப்பக்கம் உயர்த்து. குளுக்கோஸ் வேண்டாம், சலைன். மேல் எண் 110க்குக் கீழே விடாதே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கண்மணியும் பார்த்து எழுது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பிரதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்துங்கள், விட்டுப்போனதைச் சேருங்கள். தபாலில் வேண்டாம், முதலில் வரும் ஃபெலோ கையில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஐசியு நர்ஸ்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.